கோட்டைத் தோட்டத்து மானும் என் வைத்தியமும்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில் நான் திருப்பாலைவனத்தில் மாட்டு வைத்தியனாக இருந்தேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. எங்களுடையது நெல் பயிரிடும் குடும்பம். ஒரு வருஷம் எங்கள் செவலைக் காளைக்கு நுகத்தடி உரசிக் கழுத்தில் புண்ணாகி, ஈ மொய்த்து, புழு வைத்துவிட்டது. வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றினேன். காளை பிழைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் எருமையை ஓட்டிவந்தார். அதுவும் பிழைத்தது. அடுத்து வந்த பசுவும் பிழைத்தபோது நான் மீசை வளர்க்க ஆரம்பித்தேன்.

புழுப்புண்ணைத் தவிர வேறெந்த நோய்க்கும் எனக்கு மருந்து தெரியாது. மாடு தீனி எடுக்கவில்லை என்று யாராவது வந்தால், அதன் உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இருந்துவிட்டால் எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் வாயு, பித்தம், கண்ணேறு என்று நெடுநேரம் பேசுவேன். நான் பேசி முடிப்பதற்குள் பாதி மாடுகள் தாமாகவே தேறிவிடும்.

என் மனைவியின் அண்ணன் பழவேற்காட்டில் குடியேறி, ஏரிக்கு அக்கரையிலிருந்து படகில் புல் கொண்டுவந்து கோட்டைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குதிரைகளுக்குப் புல், வண்டி மாடுகளுக்கு வைக்கோல், எல்லாம் அவர்தான். எனக்கு அவர் மச்சான். ஒருநாள் மத்தியானம் வியர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கோட்டைத் தோட்டத்துல உன்ன கூப்புடுறாங்க. எங்க ஊட்டு மாப்ள கை வெச்சா செத்த மாடே எழுந்து நிக்கும்னு சொல்லிக்கீறேன். கெளம்பு."

அதைத் திருத்தியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எந்த மாடு, காளையா பசுவா என்று கேட்டேன். மாடு இல்லை, மான் என்றார். கோட்டையின் பெரிய அதிகாரி ஒருவர் ஏரிக்கரையோரம் தோட்டம் போட்டு, சுற்றிலும் பனங்கட்டை வேலி அடைத்து, புள்ளிமான்களை ஆடு வளர்ப்பதுபோல வளர்க்கிறாராம். கொம்புள்ள ஆண்களான இரண்டு கலைமான்கள் முட்டிக்கொண்டதில் ஒன்றுக்குக் காதுக்குக் கீழே கழுத்து கிழிந்து, புழு நெளிகிறதாம்.

நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, மானுக்கும் நாலு கால்தானே என்றேன். அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி, "பூனைக்கும்தான் நாலு காலு" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் எழுந்து போய், கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த சிவப்புச் சாயத்துணியை எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டேன். அது நீளமான துணி. சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. கட்டி முடித்து வெளியே வந்தபோது தலைப்பாகை நிலைப்படியின் மேல்கட்டையில் இடித்தது.

தோட்டத்தில் அதிகாரியின் மனைவி காத்திருந்தார். எல்லாரும் அவரைத் துரைசானி என்றார்கள். அவர் பேசுவதை எங்களுக்குச் சொல்லவும், நாங்கள் பேசுவதை அவருக்குச் சொல்லவும் அந்த வீட்டிலேயே வேலை பார்க்கும் ஓர் அம்மாள் இருந்தார். ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன்.

மான் வேலியின் தூர மூலையில், புங்க மரத்தடியில் தனியாக நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. நிமிஷத்துக்கொருமுறை தலையை உதறியது. பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறியப் பார்த்தது, எட்டவில்லை. நாக்கும் எட்டாத இடம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது வாடை எங்கள் வரை வந்தது. அது எனக்குத் தெரிந்த வாடை. அதனால் தைரியம் வந்துவிட்டது.

துரைசானி, இதைக் குணப்படுத்த முடியுமா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈயின் குணம், மாமிசத்தின் குணம், பருவக்காற்று இரண்டையும் என்ன செய்கிறது, எங்கள் செவலைக் காளைக்கு நடந்தது, எருமைக்கு நடந்தது என்று விளக்கமாகச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு துரைசானியிடம் திரும்பி ஏதோ ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார்.

இவ்வளவு பேசினேனே, அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"புழுவ எடுத்து மருந்து வெப்பாராம்னு சொன்னேன்," என்றார் அக்கா. "நீங்க சொன்னதுல அதான் இருந்துச்சு வைத்தியரே."

மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். கயிற்றைப் போட்டு மரத்தில் கட்டு, நாலு பேர் பிடி, வேலையைப் பார். அதையே இங்கும் செய்வது என்று முடிவு செய்தேன். மச்சான் வேண்டாம் என்பதுபோல் ஏதோ சொன்னார். சுருக்குக் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு உள்ளே போனேன். மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அடுத்த கணம் தோட்டம் முழுக்கப் புள்ளிகளாக ஓடின. அந்தக் கலைமான் என்னைத் தாண்டி ஓடியபோது கயிற்றை எறிந்தேன். என் கெட்ட நேரம், கயிறு குறி தவறாமல் விழுந்தது. ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டது.

கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றி வைத்திருந்தேன். காளை என்றால் இழுக்கும், முரண்டு பிடிக்கும், நின்றுவிடும். மான் நிற்கவில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து ஏரிப்பக்க வேலி வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. முதலில் கொஞ்ச தூரம் ஓடினேன், அப்புறம் குப்புற விழுந்து மார்பால் போனேன். வழியில் துரைசானி தங்கள் ஊர் விதை போட்டு வளர்த்திருந்த கோசுப் பாத்தி ஒன்று இருந்தது. அதற்குள் போய், மறுபக்கம் வந்தேன். அங்கே கயிறு கொம்பிலிருந்து தானாகவே கழன்றுகொண்டதால் இன்றைக்கு இதைச் சொல்ல இருக்கிறேன்.

வேலிக்கு வெளியே கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கட்டைகளின் இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டியபோது துரைசானி எதையோ கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்ல வைத்தியம் இப்பிடித்தான் ஆரம்பிக்குமானு கேக்குறாங்க."

பதில் சொல்வதற்குள் மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு பெண்மான் ஓடிய ஓட்டத்தில் வேலியோரம் மடங்கி உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்து, நாக்கு தொங்க, விலா அடித்துக்கொண்டது. கால்கள் நடுங்கின. அதற்கு ஒரு காயமும் இல்லை. வெறும் பயம். மான் பயத்திலேயே செத்துப்போகும் என்று மச்சான் மெதுவாகச் சொன்னார். நான் எல்லாரையும் வெளியே வரச்சொன்னேன். அந்த ஒன்றைத்தான் அன்று முழுவதும் சரியாகச் சொன்னேன். வெளியே வந்து, சத்தம் போடாமல், பூவரச நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வெயில் சாயும் நேரத்தில் அது எழுந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சானிடம் மண் விழுந்துவிட்டது என்றேன்.

விரட்டக் கூடாது என்பது புரிந்துவிட்டது. விரட்டாமல் எப்படிப் பிடிப்பது? எதிரே ஏரியில், ஆழமில்லாத இடத்தில், மீனவர்கள் கழிகளை நட்டு வலையைச் சுவர்போலக் கட்டியிருந்தார்கள். மீன் அந்தச் சுவரை ஒட்டியே நீந்திப் போய், குறுகிக்கொண்டே போகும் வழியில் நுழைந்து, கடைசியில் ஒரு அறைக்குள் நின்றுவிடும். அதைப் பார்த்து இந்த யோசனை எனக்குத்தான் வந்தது என்று நான் சொல்வேன். தனக்கு வந்தது என்று மச்சான் சொல்வார். இதில் எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அன்று சாயங்காலமே தென்னங்கீற்றுகளையும் பனையோலைப் பாய்களையும் வைத்து, தோட்டத்தின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு இரண்டு சுவர்கள் கட்டினோம். வாய் அகலமாகத் தொடங்கி, போகப்போகக் குறுகி, முடிவில் ஒரு மான் நிற்கிற அளவுக்கு இடம். அங்கே தண்ணீர்த் தொட்டியை வைத்தோம். தோட்டத்தில் இருந்த மற்ற தொட்டிகளை எல்லாம் கவிழ்த்துவிட்டோம். புண்ணில் காய்ச்சல் கண்ட மிருகத்துக்குப் பசி இருக்காது, தாகம் இருக்கும். அது மாட்டிடம் பார்த்தது. மானிடமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாமதிக்கவும் முடியாது. புழு சும்மா இருக்காது, உள்ளே தோண்டிக்கொண்டே போகும்.

கரையிலிருந்த ஒரு மீனவரிடம் பழைய வலை கேட்டேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வலை தருகிறேன், ஆனால் வீசுவது நான்தான், நீங்கள் கயிறு வீசியதைப் பார்த்தேன் என்றார்.

மறுநாள் உச்சி வெயிலில் பாய்ச் சுவருக்குப் பின்னால் நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மற்ற மான்கள் ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டுப் போயின. கடைசியாக அது வந்தது. நாலு அடி வைக்கும், நிற்கும், தலையை உதறும். தொட்டியில் வாய் வைத்ததும் மச்சான் பின்னால் கீற்றுப் படலைக் கதவுபோலச் சாத்தினார், மீனவர் மேலிருந்து வலையைப் போட்டார். ஒரு துள்ளு துள்ளியது. பாய் கிழிந்தது. மச்சான் இரண்டு கொம்புகளையும் வலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கட்டு, கண்ணைக் கட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

கட்டுவதற்குத் துணி கொண்டுவரவில்லை. தலைப்பாகைதான் இருந்தது. அதை அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். மாமனார் இவ்வளவு தாராளமாக இருந்திருக்க வேண்டாம். ஒருவழியாக மானின் கண்ணை மூடிச் சுற்றியதும் அது அப்படியே அடங்கிவிட்டது. உடம்பு நடுங்கியது, ஆனால் துள்ளவில்லை. இதற்கிடையில் அதன் குளம்பு என் வேட்டியில் மாட்டி, வேட்டி எங்கோ போய்விட்டது. மீசையும் கோவணமுமாக நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் துரைசானி இருப்பது ஞாபகம் வந்து உறைந்துபோனேன்.

"அவங்க உள்ள போயிட்டாங்க," என்றது அக்காவின் குரல். "நானும் அந்தாண்ட திரும்பிக்கினேன். நீங்க வேலையப் பாருங்க."

ஊரில் புழுவை எடுக்கிற வேலையை நான் செய்ததில்லை. மருந்து ஊற்றுவேன், எடுப்பதற்கு மாட்டுக்காரரை விடுவேன். இங்கே மச்சானின் கை கொம்பில், மீனவரின் கை வலையில். எஞ்சியது என் கை. சவரக்கத்தியால் புண்ணைச் சுற்றி முடியைச் சிரைத்தேன். வெளியே தெரிந்த வாய் சிறியதுதான். உள்ளே தோலுக்கடியில் என் கட்டைவிரல் முழுக்கப் போகிற அளவுக்குக் குழி. அதில் வெள்ளை வெள்ளையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வெந்து பொங்குகிற சோறுபோல அசைந்தன. நான் அன்று காலை சோறு தின்றுவிட்டு வந்திருந்தேன்.

கற்பூரம் கரைத்த எண்ணெயைக் குழிக்குள் ஊற்றி, கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். மூச்சு முட்டி அவை மேலே வர வேண்டும். உள்ளங்கையில் அவை நெளிவது தெரிந்தது.  குமட்டலை அடக்குவதற்காகப் பேச ஆரம்பித்தேன். பயப்படாதே, ஒன்றும் இல்லை, இதோ முடிந்துவிட்டது, நல்ல பிள்ளை, மூச்சை நன்றாக இழு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "மானுக்கு சொல்றீங்களா, உங்களுக்கு சொல்லிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மச்சானுக்குச் சிரிப்பு வந்து கொம்புப் பிடி தளர்ந்தது. மான் ஒரு உதை விட்டது. அது என் தொடையில் பட்டது. அதற்குப்பின் குமட்டல் நின்றுவிட்டது, தொடைவலிதான் இருந்தது. முள்வாங்கியால் ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டேன். ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றுக்கு மறுபடி எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். செத்த சதையைச் சுரண்டி எடுத்து, வேப்பம்பட்டையும் உப்பும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் கழுவினேன். சிவப்பாக, சுத்தமாக ரத்தம் கசிந்தது. அந்த நிறத்தைப் பார்த்தபோது மட்டும் நான் வைத்தியன்தான் என்று எனக்கே தோன்றியது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பினேன்.

ஈ திரும்பி வராமல் இருக்க வெளியே எதையாவது பூச வேண்டும். மீனவர், படகுக்குப் பூசுகிற கீல் இருக்கிறது, அதன்மேல் ஈ உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார். ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். புண்ணின் ஓரத்தில் வளையமாகக் கொஞ்சம் பூசினால் போதும். எனக்கோ அளவு தெரியவில்லை. கழுத்து, தோள், முதுகில் பாதி, என் முழங்கை, மச்சானின் தாடி எல்லாவற்றிலும் பட்டது. விட்டபோது அந்த மான் முன்பாதி கறுப்பாகவும் பின்பாதி புள்ளியாகவும் ஓடியது.

வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு, துரைசானியிடம் இனி ஒரு புழுகூட இருக்காது என்று சொல்லச் சொன்னேன். அக்கா அதைச் சொன்னார். சுருக்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த நாள் அதே வழியில் பிடித்துப் பார்த்தபோது புழு இருந்தது. பொடிப்பொடியாக, முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்தவை. ஈ முட்டையை எண்ணெய் கொல்லாது என்பது மாட்டிடம் கற்ற பாடம்தான், பெருமையில் மறந்துவிட்டது. மறுபடி கற்பூரம், மறுபடி முள்வாங்கி, மறுபடி கீல். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாகவே பூசினேன். ஈக்களிடம் எனக்குச் சொந்தப் பகை ஏற்பட்டிருந்தது. குழி மெல்ல மெல்லச் சதை வளர்ந்து மூடிக்கொண்டு வந்தது. அது புல் தின்ன ஆரம்பித்தது.

அப்படி ஒருநாள் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டே மச்சான், நல்லவேளை, ஒல்லாந்தர் கப்பல் வருவதற்குள் தேறிவிட்டது என்றார். கப்பலுக்கும் மானுக்கும் இன்னா சம்பந்தம் என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"மாப்ள, கப்பல்காரங்க விருந்துக்குத்தானே வளக்குறாங்க. இவ்ளோ நாளா தெரியாதா உனக்கு? புழு வெச்ச கறிய எவன் துண்ணுவான், அதான் உன்ன கூப்ட்டாங்க."

எனக்குத் தெரியாது. அழகுக்காக வளர்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். யாரையும் கேட்கவும் இல்லை, பேசுவதற்கே நேரம் போதவில்லை. வேலியோரம் போய் நின்றேன். அது நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கழுத்துச் சதையில் ஒவ்வொரு விரற்கடையும் எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் குசினியில் அறுத்துச் சமைக்கத்தான் சுத்தம் செய்து கொடுத்தேனா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். இந்த ஒரு மானை விட்டுவிடச் சொல்லுங்கள், பாவம், எவ்வளவு பட்டது என்று ஆரம்பித்துத் தர்மம், கர்மம், என் தூக்கம் என்று போனேன். அக்கா இந்தமுறை குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, துரைசானியிடம் நிறையப் பேசினார். நான் பேசியதைவிட அதிகமாகவே பேசினார். துரைசானி நெற்றியைச் சுருக்கி, குசினி விஷயம் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். "நான் எனக்குத் தெரிஞ்சதும் சேத்து சொன்னேன்," என்றார் அக்கா. "கேக்கல."

சண்டை போட்டேனா? இல்லை. கோட்டைக்காரர்களிடம் சண்டை போடுகிற வயிறு எனக்கு இல்லை. வேலியைத் திறந்துவிடலாமா என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. வைத்தியத்தை மெதுவாக்கலாம், புண்ணைக் கொஞ்சம் ஆறாமல் வைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அடுத்த நாள் முள்வாங்கியோடு குனிந்தபோது ஓரத்தில் ஒரு புழு தெரிந்தது. அதை விட்டுவைக்கக் கை வரவில்லை. எடுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கீலைப் பூசினேன்.

கப்பல் வந்தது. குசினிக்காரர் கத்தியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். எங்கள் பாய்ச் சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அவருக்கும் வேலை சுலபம். என் மான்தான் முதலில் உள்ளே வந்தது, பழகிப்போயிருந்தது. அவர் அதன் கழுத்தருகே குனிந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கொஞ்சம் பின்னால் போய் முதுகை முகர்ந்தார். தொடையை முகர்ந்தார். அங்கேயும் பூசியிருந்தேன். இதைச் சமைத்தால் விருந்துக்கு வந்தவர்கள் படகைத் தின்பதுபோல் இருக்கும் என்று தங்கள் பாஷையில் கத்தினார் என்று அக்கா பிறகு சொன்னார். படலைத் திறந்து விரட்டிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அது பாதியிலேயே நின்றது. அடுத்து உள்ளே வந்தது அதை முட்டிய மற்றக் கலைமான். அது சுத்தமாக, பளபளப்பாக இருந்தது. நான் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. திருப்பாலைவனத்து வைத்தியர் உயிரைக் காப்பாற்றத் தந்திரமாகக் கீலைப் பூசி ஒல்லாந்தரையே ஏமாற்றிவிட்டார் என்றார்கள். வலை கொடுத்த மீனவர்கூட என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமாகச் சிரித்தேன். என் மனைவியிடம் மட்டும் அந்தச் சிரிப்பு பலிக்கவில்லை. கீல் வாடை போகிறவரைக்கும் தள்ளிப் படு என்றாள். மழைக்காலம் வரை தள்ளியே படுத்தேன்.

அதற்குப் பிறகு தோட்டத்து மான்களுக்கு நிரந்தர வைத்தியனாக என்னை வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும். நான் படலருகே வரும்போதே, காற்று என் பக்கமிருந்து அடித்தால், கழுத்தில் தழும்போடு அந்தக் கலைமான் தலையைத் தூக்கும். காலைத் தரையில் அறைந்து ஒரு குரல் கொடுக்கும். கூட்டம் முழுவதும் தோட்டத்தின் அடுத்த கோடிக்குப் போய்விடும். நான் வேலியோரம் நின்று, தூரத்தில் மரங்களுக்கிடையே தெரிகிற புள்ளிகளைப் பார்ப்பேன். துரைசானி வந்து எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்பார். நன்றாக ஓடுகின்றன என்று சொல்லச் சொல்வேன். அக்கா அதை அப்படியே சொல்வார்.